சிறப்புத் தேவை உள்ள பிள்ளைக்கு எந்தப் பள்ளி? கடலூர், புதுச்சேரிப் பெற்றோருக்கு நான்கு வழிகளின் ஒப்பீடு

ஏப்ரல் பிறந்தால் எனக்குப் போன் வர ஆரம்பித்துவிடும். போன வாரம் ரெட்டிச்சாவடிப் பக்கத்திலிருந்து ஒரு தங்கை பேசினாள். ஐந்து வயதுப் பெண் குழந்தை, மூளை முடக்குவாதம். வாக்கரைப் பிடித்துக்கொண்டு பத்தடி நடக்கிறாள், பேச்சு குழறும், சொல்வதெல்லாம் புரியும். "அக்கா, அங்கன்வாடி டீச்சர் ஊர்ப் பள்ளிக்கூடத்துலயே போடுங்கறாங்க. எங்க மாமியார் பாண்டியில ஸ்பெஷல் ஸ்கூல்ல விடுன்றாங்க. வீட்டுக்காரரு, ஃபீஸ் இல்லாம இங்கிலீஷ் மீடியத்துல சீட்டு வாங்கலாமேங்கறாரு. வீட்டுக்கே டீச்சர் வருவாங்கன்னும் சொல்றாங்க. நான் எதைக்கா கேக்கறது?"

என் மகளுக்கும் அதே மூளை முடக்குவாதம்தான். இப்போது ஒன்பதாம் வகுப்பு, கடலூரில் ஓர் அரசுப் பெண்கள் பள்ளியில் படிக்கிறாள். சின்ன வயதில் நாலு வருஷம் புதுச்சேரிப் பக்கம் ஒரு சிறப்புப் பள்ளி, மூன்றாம் வகுப்பிலிருந்து எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றியப் பள்ளி. நடுவில் கால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு எட்டு மாதம் வீட்டுவழிக் கல்வி. தனியார் பள்ளிகள் கல்வி உரிமைச் சட்டப்படி கட்டணமில்லாமல் தர வேண்டிய 25% இடத்துக்கு விண்ணப்பித்து, இடம் கிடைத்தும் சேர்க்காமல் விட்டோம். ஆக, நான்கு வழியிலும் கொஞ்சம் கொஞ்சம் நடந்து பார்த்தவள் நான்.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பக்கத்து அரசுப் பள்ளியிலிருந்து யோசிக்கத் தொடங்குவதுதான் நல்லது. சில பிள்ளைகளுக்கு, குறிப்பாகக் காது கேளாத சின்னக் குழந்தைகளுக்கு, அது தவறான தொடக்கம். இன்னொன்று: இன்று எடுக்கிற முடிவு பன்னிரண்டு வருஷத்துக்கான முடிவு என்று நினைத்துத்தான் நாம் திணறிப்போகிறோம். இரண்டு வருஷத்துக்கு மட்டும் முடிவெடுங்கள், போதும்.

## பள்ளிக்கு முன்னால் அந்த அட்டை

யுடிஐடி அட்டை, அதாவது மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டை, இன்னும் எடுக்கவில்லை என்றால் மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு அதை எடுங்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. குறைபாடு 40 சதவீதமும் அதற்கு மேலும் உள்ள பிள்ளைக்கு 6 வயது முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை. அதுவும் பக்கத்துப் பள்ளியிலோ சிறப்புப் பள்ளியிலோ, நாம் விரும்பும் இடத்தில். கல்வி உரிமைச் சட்டத்தில் இருக்கிற 14 வயது வரம்பை வைத்து "அவ்வளவுதான், முடிந்துவிட்டது" என்று யாராவது சொன்னால், உங்கள் பிள்ளைக்கு அது 18 என்று சொல்லுங்கள்.

இந்த அட்டை நாடு முழுக்கச் செல்லும். கடலூரில் எடுத்ததைப் புதுச்சேரியில் காட்டலாம். ஆனால் அட்டையை வைத்து வாங்குகிற உதவிகள் அந்தந்த மாநிலத்துக்குரியவை. தமிழ்நாட்டில் அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களுக்கும் கடும் பாதிப்பு உள்ளவர்களுக்கும் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை கிடைக்கிறது. அதை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்க வேண்டும். மாற்றுத்திறனாளிகளுக்கான தமிழ்நாடு அரசின் 'உரிமைகள்' திட்டத்தின் முதல் கட்டத்தில் எடுத்துக்கொண்ட மாவட்டங்களில் கடலூரும் ஒன்று. அதனால் தெரபி, மதிப்பீடு சம்பந்தமாக நம் பக்கம் புதிதாக என்ன வந்திருக்கிறது என்பதையும் அங்கேயே விசாரித்துக்கொள்ளுங்கள்.

மூளை முடக்குவாதம், ஆட்டிசம், அறிவுத்திறன் குறைபாடு, பல்வகைக் குறைபாடு என்றால் தேசிய அறக்கட்டளையின் 'நிராமயா' காப்பீடும் உண்டு. வருஷத்துக்கு ஒரு லட்சம் வரை, தெரபிச் செலவும் சேர்த்து. பல பேருக்கு இது தெரிவதே இல்லை.

## எதை வைத்து அளப்பது

பள்ளியின் பெயர், கட்டடம், மீடியம் இவற்றை ஓரமாக வைத்துவிட்டு இந்த ஆறையும் பாருங்கள். முக்கியம் எதுவோ அதை முன்னால் வைத்திருக்கிறேன்.

பயணம். என் மகளைச் சிறப்புப் பள்ளிக்கு அழைத்துப்போன காலத்தில் காலை 7.10க்கு வீட்டை விட்டுக் கிளம்புவோம். கன்னியக்கோயில், தவளக்குப்பம் தாண்டுவது தெரியாது, அரியாங்குப்பம் பாலத்தில் வண்டி நின்றுவிடும். ஒரு வழிக்கு ஒன்றே கால் மணி நேரம். தசை இறுக்கம் உள்ள குழந்தை ஒன்றே கால் மணி நேரம் மடியில் உட்கார்ந்து போனால், இறங்கும்போது கால் கம்பு மாதிரி ஆகியிருக்கும். முதல் பாடவேளை முழுக்கத் தூங்குவாள். டைரியில் "கவனக் குறைவு" என்று எழுதி அனுப்பினார்கள். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை மழைக்காலத்தில் எத்தனை நாள் போக முடியும் என்றும் சேர்த்துக் கணக்கிடுங்கள். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்து பெண்ணையாற்றில் வெள்ளம் போனபோது நம் பக்கம் பட்ட பாட்டை மறந்திருக்க மாட்டீர்கள். அரை மணி நேரத்துக்கு மேல் போகும் பயணம் என்றால், அதை ஈடுகட்டும் அளவுக்கு அந்தப் பள்ளியில் ஏதாவது இருக்க வேண்டும்.

கழிப்பறை. இதைக் கேட்க நாம் கூச்சப்படுகிறோம். கேட்காமல் விட்டதால் என் மகள் இரண்டு மாதம் பள்ளியில் தண்ணீரே குடிக்காமல் இருந்திருக்கிறாள். காய்ச்சல் வந்து டாக்டர் சிறுநீர்த் தொற்று என்று சொன்ன பிறகுதான் விஷயம் எங்களுக்குத் தெரிந்தது. மேற்கத்திய பீடம் இருக்கிறதா, வாக்கரோ சக்கர நாற்காலியோ உள்ளே நுழையுமா, உதவிக்கு யார் வருவார்கள், தண்ணீர் வருமா? பெண் பிள்ளை என்றால் இன்னும் நாலைந்து வருஷம் கழித்து வயதுக்கு வந்த பிறகு என்ன செய்வது என்பதையும் இப்போதே யோசியுங்கள்.

பயிற்சி பெற்றவரின் நேரம். சிறப்பாசிரியர் "இருக்கிறார்" என்ற பதில் போதாது. வாரத்தில் எந்த நாள், எத்தனை மணி நேரம் என்று கேளுங்கள். உச்ச நீதிமன்றம் 2021இல் தொடக்கநிலையில் பத்துப் பிள்ளைகளுக்கு ஒருவர், மேல்நிலைகளில் பதினைந்துக்கு ஒருவர் என்ற விகிதத்தைச் சொல்லியிருக்கிறது. நடப்பில் ஒரு சிறப்புப் பயிற்றுநர் பல பள்ளிகளைச் சுற்றுகிறார்.

மொழி. பிள்ளை எந்த வழியில் பேசும், பேச்சா, சைகையா, படம் காட்டியா, அந்த வழியில் திருப்பிப் பேச அங்கே ஆள் இருக்கிறார்களா.

எட்டாவதுக்கு அப்புறம். ஒவ்வொரு வழியும் ஒவ்வொரு இடத்தில் நின்றுபோகும். எங்கே நிற்கும் என்று முன்னாலேயே தெரிந்திருக்க வேண்டும்.

வீடு. யார் வேலையை விடப் போகிறார்கள்? நூற்றுக்குத் தொண்ணூறு வீட்டில் அம்மாதான். அந்தச் சம்பளமும் பள்ளிக் கட்டணம்தான். ரசீதில் எழுதுவதில்லை, அவ்வளவே.

## வழி 1: பக்கத்து அரசுப் பள்ளி

என்ன கிடைக்கும். உள்ளடக்கிய கல்வி என்று சொல்கிறார்களே, அது ஒன்றிய, மாநில அரசுகள் சேர்ந்து நடத்தும் பள்ளிக் கல்வித் திட்டமான சமக்ர சிக்ஷாவின் கீழ் வட்டார வள மையத்திலிருந்து நடக்கிறது. சிறப்புப் பயிற்றுநர் பள்ளிக்கு வருவார். மையத்தில் இயன்முறை மருத்துவர் பிசியோதெரபி கொடுப்பார். வருஷத்துக்கு ஒரு முறை மருத்துவ முகாம் வைத்து வாக்கர், சக்கர நாற்காலி, காதொலிக் கருவி போன்றவற்றுக்கு அளவெடுப்பார்கள். திட்டத்தில் ஒரு பிள்ளைக்கு வருஷத்துக்கு 3,500 ரூபாய் என்று கணக்கு உண்டு. அது நம் கைக்கு வரும் பணம் இல்லை, சேவையாக வருவது. பெண் பிள்ளைகளுக்கு மட்டும் தனியாக மாதம் 200 வீதம் பத்து மாதத்துக்கு ஊக்கத்தொகை வங்கிக் கணக்கில் வரும். துணையாளர் படி, போக்குவரத்துப் படி என்றும் இருக்கிறது. கேட்டால்தான் பெயர் சேர்ப்பார்கள்.

தொடக்கப் பள்ளியில் காலை உணவும் உண்டு. காலையில் குழந்தையைக் குளிப்பாட்டி, உடைமாற்றி, காலைத் தாங்கும் காலிபர் மாட்டிவிடுவதற்கே ஒரு மணி நேரம் ஆகிற வீட்டுக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்று என்னைக் கேளுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேல், தெருப் பிள்ளைகள். என் மகள் சிறப்புப் பள்ளியில் இருந்த நாலு வருஷமும் எங்கள் தெருவில் அவளுக்கு ஒரு சிநேகிதி கிடையாது. ஊர்ப் பள்ளியில் சேர்த்த மூன்றாவது மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பெண்கள் வாசலில் வந்து நின்று, "ஆன்ட்டி, அவள வெளிய அனுப்புங்க" என்றார்கள். எனக்கு அன்று சமையலே ஓடவில்லை.

மறைந்திருக்கும் செலவு. சாய்தளம் இருக்கிறது என்றார்கள், போய்ப் பார்த்தேன். ஒன்றரை அடி உயரத் திண்ணைக்கு ஐந்தடி நீளத்தில் சிமெண்ட் பூசி வைத்திருந்தார்கள். விதிப்படி ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் வேண்டும், ஆக அங்கே பதினெட்டடி வந்திருக்க வேண்டும். வாக்கரை வைத்தால் பின்னால் வழுக்கியது. கைப்பிடியும் இல்லை. அதைச் சரிசெய்ய ஒன்றரை வருஷம் ஆனது. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு ஒவ்வொரு முறையும் போய் அதே பேச்சை எழுப்பி, தீர்மானத்தில் எழுத வைத்துத்தான் நடந்தது. சட்டப்படி அந்தக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்கள். நாம் போகவில்லை என்றால் நம் பிள்ளையின் விஷயம் அங்கே எழாது.

அடுத்தது, தேர்ச்சி. தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்தி வைப்பதில்லை. நம் பிள்ளைக்கு அது பாதுகாப்பு, அதே நேரம் ஒரு திரையும் கூட. எழுத்துக் கூட்டத் தெரியாமலே எட்டு வரை வந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். ஒன்பதாவதில்தான் வீட்டுக்குத் தெரியவருகிறது. ரேங்க் கார்டைப் பார்க்காதீர்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை நீங்களே உட்கார்ந்து படிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

மூன்றாவது, திட்டப் பணம் நின்றால் சேவையும் தள்ளாடும். 2024-25இல் ஒன்றிய அரசின் மாதிரிப் பள்ளித் திட்டமான பி.எம்.ஸ்ரீ ஒப்பந்தத் தகராறில் ஒன்றிய அரசு தமிழ்நாட்டுக்குத் தர வேண்டிய சமக்ர சிக்ஷா தொகை 2,152 கோடி ரூபாய் நின்றது. சிறப்புப் பயிற்றுநர்கள் இந்தத் திட்டத்தின் கீழ்தான் வேலை பார்க்கிறார்கள். யார் பக்கம் நியாயம் என்பது வேறு பேச்சு. ஆனால் ஒரு குழந்தையின் பிசியோதெரபியை இப்படிப் பேரத்தின் நடுவில் வைத்தது தவறு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

யாருக்குப் பொருந்தும். அறிவு நன்றாக இருந்து உடலில் சிரமம் உள்ள பிள்ளைகள், குறைந்த பார்வை உள்ளவர்கள், காதொலிக் கருவியோடு பேச்சு வந்துவிட்ட பிள்ளைகள், கற்றல் குறைபாடு உள்ளவர்கள், லேசான அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்கள்.

## வழி 2: சிறப்புப் பள்ளி

என்ன கிடைக்கும். நேரம். ஒரே விஷயத்தைச் சலிக்காமல் சொல்லித்தரும் நேரம். என் மகள் கரண்டியைப் பிடிக்கக் கற்றுக்கொண்டது அங்கேதான். ஏழு மாதம் ஆனது. அங்கே இருந்த டீச்சர் கரண்டிக் காம்பில் பழைய சேலைத் துணியைச் சுற்றி, மேலே சைக்கிள் டியூப் ரப்பரை மாட்டித் தடிமனாக்கினார்கள். மாதத்துக்கு ஒரு சுற்றுத் துணியாகக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். கடைசியில் வெறும் கரண்டியைப் பிடித்துத் தயிர்சாதம் சாப்பிட்டாள். நாற்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் இதை எந்த ஆசிரியராலும் செய்ய முடியாது. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

காது கேளாத குழந்தைக்கு இது இன்னும் முக்கியம். ஆறு வயதுக்குள் ஏதாவது ஒரு மொழி முழுதாக உள்ளே போக வேண்டும், பேச்சோ சைகையோ. ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குத் தமிழ்நாட்டில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில், அறுவை சிகிச்சை செய்து உள்காதில் வைக்கும் காக்ளியர் கருவி பொருத்துகிறார்கள், அதன் பிறகு கேட்டல் பயிற்சியும் சேர்த்து. அந்தப் பயிற்சியை விட்டால் கருவி வெறும் கருவிதான். கருவி பொருத்த முடியாத குழந்தை, சைகை தெரிந்த பிள்ளைகளும் ஆசிரியர்களும் இருக்கும் இடத்தில் வளர வேண்டும். சைகை தெரிந்த ஒருவர்கூட இல்லாத ஊர்ப் பள்ளியில் உட்கார வைத்துவிட்டு அதை உள்ளடக்கம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. புதுச்சேரியில் பிள்ளைச்சாவடியில் ஆனந்தரங்கப் பிள்ளை பெயரில், பார்வை, செவித்திறன் குறைபாடு உள்ளவர்களுக்கான அரசு சிறப்புப் பள்ளி இருக்கிறது. ஆனால் கடலூரிலிருந்து போகிறவர்களுக்கு அது ஊரைத் தாண்டி, காலாப்பட்டு போகிற வழியில். தினமும் போய்வர முடியுமா என்று முதலில் பாருங்கள்.

மறைந்திருக்கும் செலவு. பயணத்தை முன்பே சொன்னேன். தொண்டு நிறுவனப் பள்ளிகள் பலவற்றில் கட்டணம் இல்லை, அல்லது குறைவு. ஆனால் அம்மா உடன் வந்து இருக்க வேண்டும் என்று சொல்லும் பள்ளிகளும் உண்டு. அப்போது இரண்டு பேருக்குப் பஸ் செலவு, ஒருவருக்கு வேலை இல்லை.

பாடத்திட்டத்தையும் கேளுங்கள். பத்தாம் வகுப்புத் தேர்வு வரை கொண்டுபோகும் பள்ளியா, அன்றாட வாழ்க்கைத் திறன்களோடு நிற்கும் பள்ளியா? இரண்டும் தேவைதான், உங்கள் பிள்ளைக்கு எது என்பதுதான் கேள்வி. என் மகளின் பள்ளியில் எழுத்தும் கணக்கும் ஓர் அளவோடு நின்றுவிட்டன. அவளால் அதற்கு மேல் முடியும் என்பது எங்களுக்கே இரண்டு வருஷம் தாமதமாகத்தான் புரிந்தது. மூன்றாம் வகுப்பில் சேர்த்தபோது ஒன்றாம் வகுப்புக் கணக்கிலிருந்து பிடித்துக்கொண்டு வந்தோம்.

சேர்க்கும் முன் இரண்டு விஷயம் பாருங்கள். பள்ளிக்கு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் கீழ் பதிவு இருக்கிறதா, ஆசிரியர்களுக்கு ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு மன்றம்) பதிவு இருக்கிறதா. நல்ல பள்ளி என்றால் கேட்டவுடனே காட்டுவார்கள்.

யாருக்குப் பொருந்தும். காது கேளாத சின்னக் குழந்தைகள், பிரெயில் கற்க வேண்டிய பிள்ளைகள், தீவிர ஆட்டிசம் அல்லது அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்கள். மற்றவர்களுக்கு, முதல் இரண்டு மூன்று வருஷம் அடித்தளம் போட்டுக்கொண்டு ஊர்ப் பள்ளிக்குத் திரும்ப.

## வழி 3: தனியார் பள்ளியில் 25% இடம்

இதைத் தமிழ்நாட்டுப் பக்கத்துக்கு மட்டும் சொல்கிறேன். கல்வி உரிமைச் சட்டப்படி, சிறுபான்மையினர் நடத்துபவை தவிர்த்த தனியார் பள்ளிகள் நுழைவு வகுப்பில் கால்வாசி இடத்தை நலிந்த பிரிவினருக்கும் வாய்ப்பு மறுக்கப்பட்டோருக்கும் தர வேண்டும். 2012 திருத்தத்துக்குப் பிறகு மாற்றுத்திறனாளிக் குழந்தைகள் இரண்டாவது பிரிவில் வருகிறார்கள். தமிழ்நாட்டில் அவர்களுக்கு 2 லட்ச ரூபாய் வருமான வரம்பு கிடையாது, குலுக்கலுக்கு முன்னாலேயே முன்னுரிமை. நேர்காணல், தேர்வு எதுவும் வைக்கக் கூடாது. "எங்களிடம் வசதி இல்லை" என்று திருப்பி அனுப்பினால் முதன்மைக் கல்வி அலுவலகத்தில் எழுத்தில் கொடுங்கள். வாயால் சொல்வதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

கிடைப்பது எட்டாம் வகுப்பு வரை கல்விக் கட்டணம். வேன், காலணி, ஆண்டு விழா என்று மற்றவை நம் தலையில் விழும். ஒன்பதாவதில் முழுக் கட்டணம், இல்லையென்றால் பள்ளி மாற்றம். அதுவும் பிள்ளைக்குப் பதினாலு வயதில், எல்லாமே குழப்பமாக இருக்கும் பருவத்தில். பெரும்பாலான தனியார் பள்ளிகளில் சிறப்பாசிரியர் கிடையாது. எங்களுக்கு இடம் கிடைத்த பள்ளியில் முதல் வகுப்பு இரண்டாவது மாடியில் இருந்தது. "ஆயா தூக்கிட்டுப் போவாங்க மேடம்" என்றார்கள். ஒன்றாம் வகுப்பில் தூக்கலாம், ஆறாம் வகுப்பில் யார் தூக்குவார்கள்? அதனால்தான் விட்டோம்.

விண்ணப்பக் காலத்தையும் நம்பிவிட முடியாது. 2025-26 சேர்க்கை, அந்த நிதிப் பிரச்சினையால், வழக்கமான ஏப்ரல், மே மாதத்தில் தொடங்காமல் அக்டோபரில்தான் தொடங்கியது. அதற்காகக் காத்திருந்து ஊர்ப் பள்ளியிலும் சேர்க்காமல் விட்டவர்கள் அரை வருஷத்தை இழந்தார்கள். விண்ணப்பியுங்கள், ஆனால் ஜூனில் எங்காவது ஓரிடத்தில் பிள்ளை உட்கார்ந்திருக்க வேண்டும்.

யாருக்குப் பொருந்தும். ஒரு கிலோமீட்டருக்குள் பள்ளி இருந்து, தரைத்தளத்தில் வகுப்பு இருந்து, பிள்ளைக்கு லேசான குறைபாடு மட்டும் இருந்து, ஒன்பதாவதுக்கு வழி யோசித்து வைத்திருந்தால்.

## வழி 4: வீட்டுவழிக் கல்வி

கடுமையான, பல்வகைக் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்குச் சட்டம் கொடுத்திருக்கும் உரிமை இது. பெயர் பள்ளிப் பதிவேட்டில் இருக்கும், பயிற்றுநரும் இயன்முறை மருத்துவரும் வீட்டுக்கு வருவார்கள். எங்களுக்கு வந்த எட்டு மாதத்தில் வாரத்துக்கு ஒரு முறை, ஒன்றரை மணி நேரம். வந்தவர் அருமையான மனுஷி. ஆனால் மீதி ஆறரை நாளும் ஆசிரியர் நான்தான்.

அறுவை சிகிச்சைக்குப் பிறகு, படுத்த படுக்கையான பிள்ளைக்கு, அடிக்கடி வலிப்பு வருகிற பிள்ளைக்கு இது வேண்டும். வேறு காரணத்துக்காக, "பள்ளிக்கூடத்துக்குச் சிரமம் வேண்டாம், வீட்டிலேயே இருக்கட்டும்" என்று யாராவது சாதுவாகச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். சக்கர நாற்காலியில் உட்கார முடிகிற பிள்ளைக்கு நான்கு சுவர் போதாது. ஒத்துக்கொண்டாலும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை மறுபடி மதிப்பீடு வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். வாரத்தில் ஒரு நாளாவது பள்ளிக்கு அழைத்துப்போய் வகுப்பில் உட்கார வைக்க முடியுமா என்றும் கேளுங்கள்.

## ஒரு பார்வையில்

| | அரசுப் பள்ளி | சிறப்புப் பள்ளி | 25% இடம் | வீட்டுவழி |
|---|---|---|---|---|
| பயணம் | குறைவு | பெரும்பாலும் அதிகம் | குறைவு | இல்லை |
| பயிற்சி பெற்றவர் நேரம் | வாரத்தில் சில மணி | தினமும் | பெரும்பாலும் இல்லை | வாரத்தில் ஒன்றிரண்டு மணி |
| தெருச் சிநேகம் | உண்டு | அரிது | ஓரளவு | மிகக் குறைவு |
| எங்கே நிற்கும் | 12 வரை போகலாம் | பள்ளியைப் பொறுத்தது | 8ஆம் வகுப்பு | மதிப்பீட்டைப் பொறுத்தது |
| மறைந்த செலவு | பெற்றோரின் விடாமுயற்சி | பயணம், அம்மாவின் வேலை | வேன், 9ஆம் வகுப்பு | அம்மாவின் முழு நாள் |

## எல்லைக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா

முள்ளோடையில் எல்லை, கடைக்குப் போகிற மாதிரி தினமும் தாண்டுகிறோம். ஆனால் பள்ளி விஷயத்தில் அந்தக் கோடு ரொம்ப அழுத்தமானது.

புதுச்சேரி அரசுப் பள்ளிகள் 2023-24 முதல் சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்துக்கு மாறிவிட்டன. அதற்கு முன் புதுச்சேரி, காரைக்காலில் மேல் வகுப்புகளுக்குத் தமிழ்நாட்டுப் பாடத்திட்டம்தான், இங்கே படித்த பிள்ளை அங்கே போனால் அதே புத்தகம். இப்போது அப்படி இல்லை. மெதுவாகக் கற்கும் பிள்ளையை நடுவில் மாற்றினால் பாடமும் மாறும், பயிற்று மொழியும் மாறும்.

தேர்வுச் சலுகை இரண்டு பக்கமும் உண்டு. சி.பி.எஸ்.இ.யில் சொல்வதை எழுதுபவர், மூன்று மணி நேரத் தேர்வுக்குக் கூடுதலாக ஒரு மணி நேரம். தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்பிலும் எழுதுபவர், கூடுதல் ஒரு மணி நேரம், மொழிப்பாட விலக்கு. எந்தப் பக்கம் ஆனாலும் தேர்வு வருஷத்தில் தலைமை ஆசிரியர் வழியாக முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். ஹால் டிக்கெட் வந்த பிறகு ஓடினால் நடக்காது.

இதைவிடப் பெரிய விஷயம் மேற்படிப்பு. தமிழ்நாட்டில் 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5% உள் ஒதுக்கீடு, கல்லூரிக்குப் போகும் பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். 25% இடத்தில் எட்டு வரை படித்து, ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்கும் புதுமைப் பெண் கிடைக்கும். ஆனால் ஆறாவதில் எல்லை தாண்டிப் புதுச்சேரிப் பள்ளியில் சேர்த்தால் இவை கைவிட்டுப் போகும். அங்கே உள்ள ஒதுக்கீட்டுக்கும் உதவிக்கும் அங்கத்திய இருப்பிடச் சான்று கேட்பார்கள். சின்ன வயதில் தெரபிக்காக அந்தப் பக்கம் போகலாம், மருத்துவத்துக்கு ஜிப்மர் போகலாம். ஆறாம் வகுப்பு தொடங்கும்போது பிள்ளை எந்த மாநிலத்துப் பள்ளிப் பதிவேட்டில் இருக்க வேண்டும் என்பதை மட்டும் ஐந்தாவது படிக்கும்போதே முடிவு செய்துவிடுங்கள்.

## இரண்டைச் சேர்த்தும் எடுக்கலாம்

நான்கில் ஒன்றைத்தான் எடுக்க வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை. ஊர்ப் பள்ளியில் பெயர், வாரத்தில் இரண்டு நாள் வட்டார வள மையத்தில் தெரபி. இப்படித்தான் எங்கள் வண்டி ஓடுகிறது. பத்தாம் வகுப்பை வழக்கமான வழியில் எழுத முடியாது என்று தெரிந்தால், தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாக ஒவ்வொரு பாடமாக எழுதலாம். அதைத் தோல்வி மாதிரி பார்ப்பவர்களைப் பொருட்படுத்த வேண்டாம்.

கற்றல் குறைபாடு இருக்குமோ என்று சந்தேகிக்கிற வீட்டாருக்கு ஒரு வார்த்தை. அதற்கான சான்றிதழ் எட்டு வயதுக்கு மேல்தான் தருவார்கள். அதுவரை பள்ளியை மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள். "சோம்பேறி" என்று அடிக்காமலிருந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

ரெட்டிச்சாவடித் தங்கைக்கு நான் சொன்னது இது. ஒன்றாம் வகுப்புக்கு ஊர்ப் பள்ளி. வாரத்தில் இரண்டு நாள் தெரபி. இரண்டு வருஷத்துக்குப் பிறகு மறுபடி பார்க்கலாம். சேர்க்கும் முன், பள்ளி நடக்கும் நேரத்தில் ஒரு நாள் போய், பிள்ளை உட்காரப்போகும் வகுப்பிலிருந்து கழிப்பறை வரை நடந்து பார், கையில் ஒரு டேப் எடுத்துக்கொண்டு போ என்றேன்.

நேற்று ராத்திரி போட்டோ அனுப்பியிருந்தாள். கழிப்பறைக் கதவு 24 அங்குலம், வாக்கர் 25. நிலையை மாற்றித் தருவதாகத் தலைமை ஆசிரியர் சொல்லியிருக்கிறாராம். மனுவாக எழுதி, ஒரு நகலில் கையெழுத்தும் தேதியும் வாங்கிக்கொள், ஜூன் மாதத்துக்குள் ஆகிவிட வேண்டும் என்று பதில் போட்டேன்.